இயந்திரம் சொன்னால் வேதவாக்கா?

கன்னியாகுமரிக்கு வடகிழக்கே, அஞ்சுகிராமம் போகும் பக்கத்தில், கடலோரமாய் வட்டக்கோட்டை என்று ஒரு கருங்கல் கோட்டை இருப்பது நாஞ்சில் நாட்டுத் தோழர்கள் எல்லோருக்கும் தெரியும். 1741-ம் வருஷம் குளச்சல் யுத்தத்தில் பிடிபட்டு, பிறகு தன்னைப் பிடித்த திருவாங்கூர் ராஜாவுக்கே தளபதியாய் அமர்ந்த டிலனாய் என்னும் ஐரோப்பியரின் மேற்பார்வையில் அது திருத்திக் கட்டப்பட்டதாகும். பெயர் வட்டக்கோட்டை. ஆனால் கோட்டை வட்டமாய் இல்லை. உள்ளே நுழைந்து நடுவிலுள்ள குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தால், மதில்கள் நேராய் ஓடி மூலையில் திரும்பி ஏறக்குறைய நாற்கோணமாய் இருப்பது கண்ணுள்ள எவருக்கும் விளங்கும். இருந்தும் தலைமுறை தலைமுறையாய் வட்டம் என்றே சொல்லிக்கொண்டு வருகின்றோம். பெயரைக் கேட்டாகிவிட்டது, இனிக் கோட்டையைப் பார்ப்பானேன் என்பதுதான் நம் ஜனங்களின் வழக்கமாயிருக்கின்றது.

இத்தோடு விட்டார்களா? இங்கிருந்து பத்மநாபபுரம் அரண்மனை வரைக்கும் பூமிக்கடியில் சுரங்கம் போகின்றதாம். போய்வந்தவர் யார் என்று கேட்டால், தாத்தா சொன்னார் என்பார்கள். தாத்தா போனாரா என்றால், தாத்தாவுக்கு அவர் தாத்தா சொன்னாராம். கல்லில் மீன் உருவம் செதுக்கியிருக்கின்றது. ஆகையால் இது பாண்டியன் கைவசம் இருந்தது என்பார் மற்றொருவர். மீன் இருப்பது பிரத்தியட்சம். அதைப் பாண்டியன் வெட்டுவித்தான் என்பது அனுமானம். அனுமானம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் கண்டதையும் ஊகித்ததையும் ஒரே மூச்சில் கலந்து சொல்லுகிறவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் என்ன ஆகும்? அந்தக் கவலைதான் இந்த வியாசத்தை எழுதச் செய்தது. கோட்டையை இத்துடன் விட்டுவிடுகின்றோம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மதில்மேல் காற்றுக்காக உட்கார்ந்திருந்தபோது, நமக்குப் பழக்கமான ஒரு வாலிபர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். இந்த ஜில்லாவிலேயே ஓர் இன்ஜினீயரிங் கலாசாலையில் கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருஷம் வாசிக்கிறவர். தகப்பனார் தென்னந்தோப்பில் ஒரு பகுதியை ஒற்றி வைத்துச் சம்பளம் கட்டி வருகின்றார்.

"என்ன தம்பி வாசிக்கிறீர்?" என்றோம்.

"சாப்ட்வேர் இன்ஜினீயரிங் முடிஞ்சது அண்ணாச்சி. இப்போ டிஜிட்டல் தடயவியல் எடுத்திருக்கேன்."

"தடயவியல் என்றால் கெட்டிக்காரத்தனமான விஷயமாயிற்றே! செய்முறை எல்லாம் நடக்கின்றதா?"

வாலிபர் சிரித்தார். "நடக்கு. முன்னே படிச்சவங்க ரெக்கார்டு இருக்குல்லா, அதைப் பார்த்து எழுதிருவோம். புராஜெக்டு டவுண்ல கடையிலேயே கிடைக்கும். ரூபாய் கொடுத்தா புரோகிராமு, அச்சுப்போட்ட ரிப்போர்ட்டு, கேள்வி கேட்டா சொல்ல வேண்டிய பதிலு, எல்லாம் சேர்த்துத் தந்திருவாங்க."

அவர் இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. மழை பெய்கின்றது என்பதுபோலச் சொன்னார். நமக்குத்தான் சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

இனி, இந்த இரண்டு பாடங்களும் என்னவென்று கிராமத்துத் தோழர்களுக்குச் சொல்லவேண்டும். கம்ப்யூட்டருக்குக் கட்டளைகளை எழுதுவது ஒருவன் தனியாய் உட்கார்ந்து செய்யும் வித்தையாயிருந்த காலம் போய், நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதும் பெரிய காரியமானபோது, கணக்கு தப்பியது; காலம் தப்பியது; செலவும் தப்பியது. 1968-ம் வருஷம் ஜெர்மனியில் கார்மிஷ் என்னும் ஊரில் நிபுணர்கள் கூடி, பாலம் கட்டுகிறவனுக்குள்ள ஒழுங்கு இதற்கும் வேண்டும் என்று பேசினார்கள். அந்த மகாநாட்டின் தலைப்பாக வைக்கப்பட்டதிலிருந்து சாப்ட்வேர் இன்ஜினீயரிங் என்ற பெயர் நிலைத்தது. என்ன வேண்டும் என்று முதலில் எழுதி வைப்பது, எழுதியபடி கட்டுவது, கட்டியதைச் சோதிப்பது, தப்பு நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்கும்படி குறிப்பு வைப்பது, இதுவே அதன் சாரம். டிஜிட்டல் தடயவியல் என்பதோ, காரியம் நடந்த பிறகு, செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் காமிராப் பெட்டியிலும் கிடக்கும் சுவடுகளைக் கெடுக்காமல் எடுத்து, இன்னது நடந்தது என்று கோர்ட்டில் சொல்லும் வித்தையாகும். ஒன்று வீடு கட்டுவது. மற்றொன்று அந்த வீட்டில் திருட்டுப் போனபின் கால்தடம் பார்ப்பது.

தமிழ்நாட்டுக்கு இந்த வித்தை புதிதல்ல. விஷம் வைத்த வழக்குகளில் குடலைச் சோதித்துச் சொல்ல 1849-ம் வருஷத்திலேயே சென்னையில் ரசாயனப் பரிசோதனைச் சாலை ஏற்பட்டது. இன்றைக்கு மதராஸ் சர்வகலாசாலையில் சைபர் தடயவியலுக்கென்றே எம்.எஸ்ஸி. வகுப்பு ஏற்பட்டிருக்கின்றது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் சர்வகலாசாலையின் குற்றவியல் துறையில் இருந்த பேராசிரியர் ஜெய்சங்கர், கணினிக் குற்றத்தைப் பற்றித் தனியே ஒரு சாஸ்திரம் வேண்டுமென்று சொல்லி 2007-ம் வருஷம் அதற்கு ஓர் உலகப் பத்திரிகையே ஆரம்பித்தார். அண்ணா சர்வகலாசாலையின் 2021-ம் வருஷத்துப் பாடத்திட்டத்திலோ, கம்ப்யூட்டர் மாணாக்கர்களுக்கு சாப்ட்வேர் இன்ஜினீயரிங் கட்டாயப் பாடம். தடயவியல் இஷ்டமிருந்தால் எடுத்துக்கொள்ளும் பாடம். அதாவது வீடு கட்டுகிறவன், திருடன் எப்படி நுழைவான் என்று தெரிந்துகொள்ளாமலேயே பட்டம் வாங்கிப் போகலாம் என்று ஏற்பாடு.

இந்தப் படிப்பு சரியாய் நடந்தால் என்ன நன்மை என்பதற்குத் தூரம் போகவேண்டாம். விவாகரத்துப் பெற்ற ஓர் அம்மையாரைப் பற்றி இன்டர்நெட்டில் ஆபாசமாய் எழுதிப் பரப்பிய ஒருவனுக்கு 2004-ம் வருஷம் நவம்பரில் சென்னை எழும்பூர் கோர்ட்டில் தண்டனை கிடைத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ம் பிரிவின்படி இந்தியாவிலேயே முதல் தண்டனை அதுவென்று சொல்லப்படுகின்றது. எழுதியவன் இன்னான் என்று இயந்திரச் சுவட்டைக் கொண்டு காட்டியிராவிட்டால் அந்த அம்மையாருக்கு நம் சமூகம் என்ன பதில் சொல்லியிருக்கும்? பெண்ணைத்தானே குற்றம் சொல்லியிருக்கும்! ஆகவே இந்த வித்தையை நாம் குறை கூற வரவில்லை. வித்தை பெரியது என்பதால்தான் அதைக் காப்பியடித்துக் கற்பது பெரிய அயோக்கியத்தனம் என்கின்றோம்.

இப்போது சட்டம் என்ன சொல்லுகின்றது என்று பாருங்கள். 2024 ஜூலை 1-ந் தேதி முதல் பழைய சாட்சியச் சட்டம் போய், பாரதிய சாட்சிய அதிநியமம் என்று புதிது வந்திருக்கின்றது. அதன் 63-ம் பிரிவின்படி செல்போன் படமோ, காமிராப் பதிவோ, கம்ப்யூட்டர் கணக்கோ கோர்ட்டுக்கு வரவேண்டுமானால், கூடவே ஒரு சர்ட்டிபிகேட்டும் வரவேண்டும். அதில் இரண்டு பாகம். ஒன்றில் அந்த இயந்திரத்தை வைத்திருந்தவர் கையெழுத்துப் போடவேண்டும். மற்றதில் ஒரு நிபுணர் கையெழுத்துப் போடவேண்டும். அந்த நிபுணர் ஆகாயத்திலிருந்து குதிக்கப்போவதில்லை. நேற்று ரெக்கார்டைப் பார்த்து எழுதியவர்தான் நாளைக்கு அந்த இடத்தில் உட்காரப் போகின்றார்.

அந்தச் சர்ட்டிபிகேட்டில் ஹாஷ் என்று ஒரு எண்ணையும் எழுதவேண்டும். அது என்னவென்றால், நம் வயற்காட்டுக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சூடடித்துத் தூற்றிய நெல்லைக் குவித்துவிட்டு, இரவில் யாரும் அள்ளிவிடாதபடி குவியலின்மேல் சாம்பலாலோ சாணிக் கரைசலாலோ குறி போட்டு வைப்பார்கள். ஒரு கை நெல் எடுத்தாலும் குறி கலைந்துவிடும்; காலையில் வந்து பார்த்தால் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர்க் கோப்புக்குப் போடும் இந்தக் குறிதான் ஹாஷ். கோப்பு முழுவதையும் ஒரு கணக்கில் போட்டு ஒரு நீண்ட எண் எடுக்கின்றார்கள். எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணக்கின்படி அது 64 எழுத்துக்கள். கோப்பில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த 64-ம் அடியோடு வேறாகிவிடும். ஆதலால் கைப்பற்றியபோது எடுத்த எண்ணும் கோர்ட்டில் எடுத்த எண்ணும் ஒன்றாயிருந்தால், நடுவில் யாரும் கைவைக்கவில்லை என்று அர்த்தம்.

ஆனால் குறி என்ன சொல்லாது என்பதையும் கவனிக்க வேண்டும். குறி போட்ட பிறகு நெல் களவு போகவில்லை என்று அது சொல்லும். அந்த நெல் யார் வயலில் விளைந்தது, குறி போடுவதற்கு முன்னால் பக்கத்துக் களத்திலிருந்து இரண்டு மூட்டையைக் கொட்டிக் கலந்தார்களா என்று அது சொல்லாது. இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரியாத நிபுணர் கையெழுத்துப் போட்டால், ஒருவன் ஜெயிலுக்குப் போய்விடுவான். இன்னொரு வேடிக்கை: சட்டத்தோடு சேர்த்த அந்தப் பாரத்தில் எம்.டி.5, எஸ்.எச்.ஏ.-1 என்ற பழைய குறிகளுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். வெவ்வேறு இரண்டு கோப்புகளுக்கு ஒரே எம்.டி.5 குறி வரும்படி செய்யலாம் என்று சீன தேசத்து அம்மையார் வாங் சியாவ்யுன் 2004-ம் வருஷத்திலேயே உலகறியச் செய்து காட்டினார். எஸ்.எச்.ஏ.-1-க்கும் அதே கதி 2017-ம் வருஷம் வந்தது. நம் சட்டம் எழுதினது 2023-ல்!

இதைக் கேட்டுக்கொண்டிருந்த வாலிபர், "அண்ணாச்சி, எங்க ரெக்கார்டில முதல் பயிற்சியே ஹாஷ்தான்" என்றார். தன் பெயரையும் நம்பரையும் ஒரு கோப்பில் தானே எழுதி, அதற்குக் குறி எடுத்து, ரெக்கார்டில் எழுதவேண்டியதாம். அறுபது பேர் வகுப்பு. அறுபது பெயர், அறுபது நம்பர். "எல்லோருக்கும் என்ன எண் வந்தது?" என்று கேட்டோம். வாலிபர் வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். அறுபது ரெக்கார்டிலும் ஒரே எண்! பல வருஷத்துக்கு முன் யாரோ ஒரு மாணாக்கன் தன் பெயருக்கு எடுத்த எண்ணை, வருஷா வருஷம் எல்லோரும் எழுத, உபாத்தியாயரும் சிவப்பு மையால் சரி போட்டுக் கையெழுத்திட்டு வந்திருக்கின்றார். இரண்டு கோப்புக்கு ஒரே எண் வராது என்று கற்பிக்கும் பாடத்திலேயே அறுபது கோப்புக்கு ஒரே எண். இதை மந்திரம் என்பதா, மகிமை என்பதா? பொருள் தெரியாமல் சொல்லும் மந்திரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். அங்கே தட்சணை, இங்கே மார்க்கு.

நிற்க, இது பிள்ளைகளின் சில்லறைக் குற்றம், இதற்கு இவ்வளவு ஆவேசம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் நம் ஊருக்கு வடக்கே, தூத்துக்குடி ஜில்லா சாத்தான்குளத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2020-ம் வருஷம் ஜூன் 19-ந் தேதி, செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜ் என்பவரையும் அவர் மகன் பென்னிக்ஸையும், ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று போலீசார் கொண்டுபோனார்கள். 22-ந் தேதி இரவு மகன் இறந்தார். மறுநாள் காலை தகப்பனார் இறந்தார். அவர்கள் தரையில் உட்கார்ந்து வசைபாடி உருண்டதனால் காயம் ஏற்பட்டது என்று போலீசார் எழுதினார்கள். பக்கத்துக் கடைக் காமிராவில் பதிந்திருந்த படமோ, அப்படி ஒரு கலாட்டாவே நடக்காததைக் காட்டிவிட்டது. ஸ்டேஷனுக்குள் காமிரா இல்லையா? இருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் தம் அறிக்கையில் எழுதியது என்னவென்றால், பதிவுப் பெட்டியில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாய் அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள் என்பதாகும்.

தோழர்களே, இந்தத் "தானாய்" என்ற வார்த்தையைச் சற்றுக் கவனியுங்கள். இயந்திரம் தானாய் எதையும் செய்வதில்லை. தானாய் அழிக்கும்படி ஒரு பொத்தானை யாரோ ஓர் இன்ஜினீயர் கட்டி வைத்தார். அந்தப் பொத்தானை யாரோ ஒருவர் அமுக்கினார். அமுக்கியவர் யார், எந்தத் தேதியில், எந்த மணிக்கு என்று அழிக்க முடியாத குறிப்பு ஒன்று அதே பெட்டியில் விழும்படி கட்டவேண்டும் என்று அந்த இன்ஜினீயருக்குத் தோன்றவில்லை. அல்லது கேட்டவர் இல்லை. சாப்ட்வேர் இன்ஜினீயரிங் வகுப்பில் "என்ன வேண்டும் என்று முதலில் எழுதி வை" என்று சொல்லுகின்றார்களே, அதில் எழுதவேண்டிய முதல் வரி இதுவல்லவா? மாணாக்கர்களோ அந்த வகுப்பில் நூல்நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் படம் போட்டுக்கொண்டிருக்கின்றார்கள்.

அதே வருஷம் டிசம்பர் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, எல்லாப் போலீஸ் ஸ்டேஷன்களிலும் காமிரா வைக்கவேண்டும், பதிவை 18 மாதம் காக்கவேண்டும் என்று உத்தரவு போட்டது. இதை ஒரு வகுப்புக் கணக்காய்ப் போடுங்கள். ஒரு காமிரா விநாடிக்கு ஒரு மெகாபிட் வீதம் எழுதினால் ஒரு நாளைக்கு 10.8 ஜிகாபைட். 18 மாதத்துக்கு ஏறக்குறைய ஆறு டெராபைட். அதுவும் ஒரே ஒரு காமிராவுக்கு. ஆகவே ஒரு டெராபைட் பெட்டியை மாட்டிவிட்டு உத்தரவு நிறைவேறிற்று என்று எழுதுகிற காண்டிராக்டரை, ஒரு பி.ஈ. மாணாக்கன் பென்சிலும் தாளுமாய் உட்கார்ந்து பிடித்துவிடலாம். அந்த மாணாக்கனைத்தான் நம் கலாசாலைகள் உண்டாக்கவில்லை.

இந்தப் பொறுப்பில்லாமை நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தம் என்று யாரும் எண்ணவேண்டாம். இங்கிலாந்தில், நம் கிராமத் தபால் கடைபோல, மளிகைக் கடையோடு சேர்த்துத் தபால் ஆபீசும் நடத்துகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. 1999-ம் வருஷம் முதல் அவர்களுக்கு ஹொரைசான் என்னும் கணக்கு இயந்திரத்தைத் தபால் இலாகா கொடுத்தது. கட்டிக் கொடுத்தது புஜித்சு கம்பெனி. இயந்திரம் கணக்கில் பணம் குறைவு என்று காட்டியது. கடைக்காரர்கள் தாங்கள் எடுக்கவில்லை என்றார்கள். "மற்ற எவருக்கும் வராத குறைவு உனக்கு மாத்திரம் எப்படி வந்தது?" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லப்பட்டது. எல்லோரிடமும் அதையே சொன்னார்கள் என்பது பின்னால்தான் வெளியாயிற்று. வீட்டை விற்றுக் கட்டினவர்கள் உண்டு. தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு. 900-க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சீமா மிஸ்ரா என்னும் இந்திய அம்மையாரை 2010-ம் வருஷம், கர்ப்பிணியாயிருக்கையில், மகனின் பத்தாவது பிறந்தநாளன்று ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

இதற்குச் சட்டமே கைகொடுத்தது. கம்ப்யூட்டர் சரியாய் ஓடிற்று என்று சர்க்கார் தரப்பு முதலில் ருஜுப்படுத்தவேண்டும் என்று அங்கே ஒரு விதி இருந்தது. அதை 1999-ம் வருஷம் எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் சரியாய்த்தான் இருக்கும், இல்லையென்றால் குற்றம் சாட்டப்பட்டவன் காட்டட்டும் என்று வைத்தார்கள். மளிகைக் கடைக்காரன் எங்கே போய் லட்சக்கணக்கான கட்டளைகளுக்குள் பிழை தேடுவான்? பகவான் சொன்னால் தப்பாது என்பதற்குப் பதிலாய்க் கம்ப்யூட்டர் சொன்னால் தப்பாது என்றார்கள். தொப்பி மாறியதே தவிரத் தலை மாறவில்லை. ஆலன் பேட்ஸ் என்னும் ஒரு கடைக்காரர் 555 பேரைச் சேர்த்துக்கொண்டு வழக்காடி, 2019 டிசம்பரில் ஜெயித்தார். இயந்திரத்தில் பிழைகள் இருந்தன என்றும், கடைக்காரனுக்குத் தெரியாமல் கம்பெனியார் தூரத்திலிருந்தே அவன் கணக்கில் கைவைக்க முடியும் என்றும் தீர்ப்பாயிற்று. இயந்திரத்தைப் பற்றித் தபால் இலாகா சாதித்த சாதிப்பைப் பூமி தட்டை என்று சாதிப்பதற்கு ஜட்ஜ் ஒப்பிட்டார். 2024-ம் வருஷம் பார்லிமெண்டே சட்டம் செய்து தண்டனைகளை ரத்துச் செய்தது. போன உயிர் எந்தச் சட்டத்தால் வரும்?

அங்கே கட்டினவன் பிழை. இங்கே இன்னொரு மாதிரி. திருச்சி ஜில்லாவில் பிறந்து ஜார்கண்டில் ஆதிவாசிகளுக்காக உழைத்த ஸ்டான் சுவாமி என்பவர், பீமா கோரேகான் வழக்கில் 2020-ம் வருஷம் பிடிக்கப்பட்டு, 2021 ஜூலை 5-ந் தேதி, எண்பத்து நான்கு வயதில், காவலில் இருந்தபடியே இறந்தார். அவர் பாதிரியார், அவருடைய கடவுளுக்கும் நமக்கும் யாதொரு ஒட்டும் இல்லை. ஆனால் நியாயத்துக்கு மதம் கிடையாது. அவருடைய கம்ப்யூட்டரில் குற்றமான கடிதங்கள் இருந்தன என்பது வழக்கு. அமெரிக்காவிலுள்ள ஆர்சனல் என்னும் பரிசோதனைக் கம்பெனியார், எதிரித் தரப்புக்காக அந்த டிஸ்க்கின் பிரதியைச் சோதித்து 2022 டிசம்பரில் சொன்னது, வெளியிலிருந்து ஒருவன் வருஷக்கணக்காய் அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து கோப்புகளைப் போட்டு வைத்தான், போலீசார் கைப்பற்றுவதற்கு முந்திய நாள் தன் சுவட்டைத் துடைக்கவும் பார்த்தான் என்பது. இதே வழக்கில் ரோனா வில்சனின் கம்ப்யூட்டரைப் பற்றியும் 2021-ல் அதே மாதிரி சொன்னார்கள். தேசியப் புலனாய்வு முகமை இவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. எது உண்மை என்று நாம் தீர்ப்பளிக்கப் போவதில்லை. நாம் முன்னே சொன்ன நெற்களத்தை மாத்திரம் ஞாபகப்படுத்துகின்றோம். கைப்பற்றிய பிறகு போட்ட குறி கலையாமலேயே இருக்கலாம். குறிக்கு முன்னால் களத்தில் கொட்டியது யார் என்பதல்லவா கேள்வி? அதைக் கேட்கத் தெரிந்தவன் இந்தத் தேசத்துச் சர்வகலாசாலைகளில் எத்தனை பேர் தேறி வருகிறான்?

நம் கலாசாலைகளில் வேறொரு காட்சியும் உண்டு. சரஸ்வதி பூஜையன்று கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுகின்றார்கள். பிழை கண்டுபிடிக்கவேண்டிய பொருளுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டவன் மறுநாள் எப்படி அதைச் சந்தேகிப்பான்?

இதற்கு மறுப்பாய் ஒன்று சொல்லுவார்கள். ஏழைப் பிள்ளைகள் எப்படியாவது ஒரு பட்டம் வாங்கிப் பெங்களூரிலோ சென்னையிலோ உத்தியோகத்துக்குப் போனால் போதாதா, ஏன் குறுக்கே விழுகிறீர்கள் என்பார்கள். இதைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள் அல்லர் என்பதைக் கண்டிருக்கின்றோம். தோப்பை ஒற்றி வைத்த தகப்பன் வாங்க நினைத்தது அறிவு. அவன் கையில் கொடுத்து அனுப்புவது அட்டை. வசதியுள்ளவன் பிள்ளை எப்படியும் வேறெங்கோ போய்க் கற்றுக்கொள்வான். காப்பியடித்த ரெக்கார்டினால் நிஜமாய் ஏமாறுகிறவன் முதல் தலைமுறையாய்ப் படிக்க வந்தவன்தான். உபாத்தியாயர்கள் மாத்திரமே குற்றவாளிகள் என்றும் நாம் சொல்லவில்லை. அறுபது பேருக்கு ஒருவர், அவருக்கும் சொற்பச் சம்பளம், மேலே மேனேஜ்மெண்டு, அதற்கும் மேலே தேர்ச்சி சதவிகிதம் என்றால் அவர்தான் என்ன செய்வார்? ஆனால் தடயவியலைச் சொல்லிக் கொடுக்கிறவர் தம் மேஜைமேல் கிடக்கும் தடயத்தைப் பார்க்க மறுத்தால் அதற்குச் சம்பளக் குறைவு காரணமாகாது.

சர்வகலாசாலையார் செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியமல்ல. பரீட்சையன்று ஒவ்வொரு மாணாக்கனுக்கும் வெவ்வேறு டிஸ்க்குப் பிரதி ஒன்று கொடுக்கட்டும். அதற்குள் சில மெய்யையும் சில பொய்யையும் போட்டு வைக்கட்டும். கண்டுபிடித்ததற்குப் பாதி மார்க்கு. "இதைக்கொண்டு இன்னதைச் சொல்ல முடியாது" என்று சரியாய் எழுதியதற்குப் பாதி மார்க்கு வைக்கட்டும். அந்த இரண்டாவது பாதிதான் கஷ்டமானது, அதற்குக் கடையில் பதில் விற்காது. சாப்ட்வேர் வகுப்பில் ஒரு கூட்டம் ரேஷன் கடைக் கணக்கு இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதட்டும். மற்றொரு கூட்டம் சரக்குக் குறைந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட விற்பனையாளருக்கு வக்கீலாய் நின்று, எழுதியவர்களைக் குறுக்கு விசாரணை செய்யட்டும். உன் இயந்திரத்தில் மின்சாரம் பாதியில் நின்றால் கணக்கு எங்கே போகும், ஒரே பில்லை இரண்டு தடவை அனுப்பினால் என்ன ஆகும், கணக்கை நீ தூரத்திலிருந்து மாற்ற முடியுமா, மாற்றினால் என் கட்சிக்காரனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கட்டும். பதில் சொல்ல முடியாதவர்கள் மறுபடி எழுதட்டும். தடயவியலை இஷ்டப் பாடமாய் வைத்ததை மாற்றி எல்லோருக்கும் கட்டாயமாக்கட்டும். கட்டுகிறவன் அனைவரும் ஒரு தடவையாவது சாட்சிக் கூண்டில் நின்று பார்க்கவேண்டும்.

இருட்டும் சமயமாயிற்று. கோட்டையைப் பூட்டும் காவலாளி வந்து எங்களை எழுப்பினார். வாலிபர் பஸ்ஸுக்குப் போகும் வரைக்கும் அதிகம் பேசவில்லை.

பதினைந்து நாள் கழித்து அவரிடமிருந்து செய்தி வந்தது. தன் பெயரையும் நம்பரையும் தானே எழுதி எண் எடுத்தாராம்; ரெக்கார்டில் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் வேறாய் வந்ததாம். உபாத்தியாயரிடம் கொண்டுபோய்க் காட்டினபோது, எல்லோரும் எழுதியிருப்பதையே எழுதும்படி அவர் சொன்னாராம். இவர் இரண்டு எண்ணையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் குறித்து வைத்திருக்கின்றார். வகுப்பில் இன்னும் நான்கு பேர் அப்படியே செய்திருக்கிறார்களாம். ரெக்கார்டு இன்னும் கையெழுத்தாகவில்லை.